மாரா போகிறவர்களுக்கு: டிரைவர் கையில் எவ்வளவு, எப்போது, எந்த நோட்டில்?

இன்றைய கேள்வி பதில் கென்யா, தான்சானியா சஃபாரியில் டிரைவருக்கும் கைடுக்கும் கொடுக்கும் டிப்ஸ் பற்றி மட்டும். மாரா என்பது கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்கு ரிசர்வ். விசா, ஊசி, சைவச் சாப்பாடு, கேமரா லென்ஸ் எல்லாம் இன்னொரு நாள். கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில்கள்.

ஈரோடு: நாங்கள் ஆறு பேர். ஒரே லேண்ட் குரூசர், நைரோபியில் ஏறி நைரோபியில் இறங்குகிற ஐந்து நாள் பயணம். டிரைவருக்கு எவ்வளவு கொடுப்பது? ஆள் கணக்கா, வண்டிக் கணக்கா?

தனி வண்டி என்றால் வண்டிக் கணக்கு. கென்யாவிலும் தான்சானியாவிலும் டிரைவரும் கைடும் பெரும்பாலும் ஒரே ஆள். ஒரு நாளைக்கு வண்டிக்கு 40 முதல் 60 டாலர் வரை கொடுப்பது வழக்கம். நடுவே 50 என்று வைத்தால் ஐந்து நாளுக்கு 250. ஆறு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 42 டாலர்கூட வராது. ஒரு டாலருக்கு 130 ஷில்லிங் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 32,500 கென்ய ஷில்லிங்.

நாளை எண்ணுவதில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். "முதல் நாள் வெறும் பயணம்தானே, கடைசி நாளும் திரும்பி வந்ததுதானே" என்று ஐந்தை மூன்றாக்கிவிடுவார்கள். நைரோபியிலிருந்து மாராவுக்கு ஐந்தாறு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்து, நீங்கள் அறையில் கால் நீட்டுகிற நேரத்தில் டீசல் போட்டு, கண்ணாடி துடைத்து, நாலு மணிக்கு மறுபடி வண்டியை வாசலில் நிறுத்துகிறவர் அவர். ஏற்றிய நாளும் இறக்கிய நாளும் முழு நாள்தான். இன்னொன்றும் பாருங்கள். ஜூலை முதல் டிசம்பர் வரை மாரா நுழைவுக் கட்டணமே வெளிநாட்டவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 200 டாலர். உங்கள் ஆறு பேருக்கு ஒரு நாள் கேட்டுக்கு மட்டும் 1,200. அதே நாளில் டிரைவருக்கு 50 கொடுப்பதற்கு எத்தனை யோசனை!

முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து போகும் பகிர்வு வேன் என்றால் ஆள் கணக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 டாலர். கூடாரப் பயணத்தில் சமையல்காரர் கூட வந்தால் அவருக்குத் தனி உறை. குழு மொத்தமும் சேர்ந்து ஒரு நாளைக்கு 10 முதல் 15 டாலர் போதும்.

திருச்சி: டாலரில் கொடுப்பது நல்லதா, ஷில்லிங்கிலா? கையில் ரூபாய்தான் நிறைய இருக்கும்.

ரூபாயை மறந்துவிடுங்கள். வாங்குகிறவர் அதை மாற்ற முடியாமல் வீட்டில் சட்டம் போட்டுத்தான் மாட்ட வேண்டும். ஷில்லிங் நல்லது. டாலரும் சரி, ஆனால் எந்த டாலர் என்பதுதான் விஷயம்.

ஊர்ப்புற வங்கியில் நாணயம் மாற்றும் கவுன்டரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். டிரைவர் நீட்டும் நோட்டுகளைக் காசாளர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பெருவிரலால் ஓரத்தைத் தடவுவார். பேனாக் கிறுக்கல் இருந்தால் ஒதுக்குவார். அரை சென்டிமீட்டர் கிழிசல் இருந்தாலும் ஒதுக்குவார். அச்சடித்த வருடம் 2006-க்கு முன் என்றால் தொடவே மாட்டார். சில இடங்களில் 2009, 2013 என்று இன்னும் கறார். 100 டாலர் என்றால் நடுவே நீலப் பட்டை ஓடும் நோட்டுதான் பாதுகாப்பு. 2013 அக்டோபரில் புழக்கத்துக்கு வந்த வடிவம் அது. வருடம் நோட்டின் முகப்பிலேயே சின்ன எழுத்தில் இருக்கும். ஊரில் நாணயம் வாங்கும்போதே ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். "எல்லாம் ஒரே டாலர்தான் சார்" என்று கடைக்காரர் சொன்னால், அப்படியே அவரிடம் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்தது சில்லறை. 50, 100 டாலர் நோட்டுக்கு ஒரு மாற்று விலை, 1, 5, 10 டாலர் நோட்டுக்கு அதைவிடக் குறைந்த விலை. கத்தையாக இருக்கட்டும் என்று ஐம்பது ஒரு டாலர் நோட்டுகளை உறையில் திணித்துக் கொடுத்தால் அவருக்கு 50 டாலரின் மதிப்பு கிடைக்காது. டாலர், யூரோ உலோகக் காசு எதுவும் வேண்டாம், எந்தக் கவுன்டரிலும் மாறாது. நைரோபி விமான நிலைய ஏடிஎம்மில் ஷில்லிங் எடுத்துக் கொடுத்தால் இந்தத் தொல்லை ஒன்றுமே இல்லை. தான்சானியாவில் 2025-லிருந்து உள்நாட்டு விலையும் கட்டணமும் வெளிநாட்டு நாணயத்தில் கூடாது என்று விதி வந்திருக்கிறது. அங்கே தான்சானிய ஷில்லிங்காகவே கொடுங்கள்.

சிங்கப்பூர்: 2017-ல் போனபோது மிச்சமான கென்ய 1,000 ஷில்லிங் நோட்டுகள் எட்டு இருக்கின்றன. டிப்ஸுக்கு உதவுமா?

உதவாது. பழைய 1,000 ஷில்லிங் நோட்டை 2019 அக்டோபர் 1 முதல் செல்லாததாக்கிவிட்டார்கள். 2016 நவம்பரை அனுபவித்த நமக்கு விளக்க வேண்டியதில்லை. தெரியாமல் கொடுத்தால் உங்கள் முன்னால் சிரித்தபடி வாங்கிக்கொள்வார், மனசுக்குள் என்ன நினைப்பார் என்பது வேறு.

ஓசூர்: கூகுள் பே போகுமா?

யூபிஐயை நம்பிப் போகாதீர்கள். அங்கே போன் எண்ணிலேயே பணம் அனுப்பும் எம்-பெசாதான் ராஜா. 2007-லிருந்து ஓடுகிறது, தள்ளுவண்டிக்காரர் வரை வைத்திருப்பார். பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளூர் சிம் வாங்கினால் நீங்களும் கணக்குத் திறக்கலாம். அனுப்பும்போது இரண்டு விஷயம். திரையில் வரும் பெயர் டிரைவரின் பெயர்தானா என்று அவரிடம் காட்டிக் கேளுங்கள். கம்பெனி எண்ணுக்கு அனுப்பாதீர்கள், அவருடைய சொந்த எண்ணுக்கு அனுப்புங்கள். அவர் பணமாக எடுக்கும்போது ஒரு கட்டணம் பிடிப்பார்கள், அதற்குக் கொஞ்சம் சேர்த்து அனுப்பினால் மரியாதை.

சென்னை: 24 பேர் குழுவாகப் போகிறோம், நாலு வண்டி, ஆறு நாள். கூட வரும் டூர் மேனேஜர், டிப்ஸுக்கு என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 டாலர் வீதம் முன்கூட்டியே வசூலிக்கிறார். கொடுத்துவிடலாமா?

நல்ல கேள்வி. 24 பேர், ஆறு நாள், 10 டாலர் என்றால் 1,440. நாலு டிரைவருக்கும் பிரித்தால் ஆளுக்கு 360. இந்த 360 டிரைவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது ஒன்றுதான் கேள்வி. நிறைய இடங்களில் சேர்வதில்லை. 150 கொடுத்துவிட்டு மீதி "லாட்ஜ் ஊழியர், போர்ட்டர், இதர செலவு" என்ற கணக்கில் கரைந்துவிடும்.

மேனேஜரைத் திருடன் என்று சொல்ல வேண்டியதில்லை, ஏற்பாட்டை மாற்றினால் போதும். வசூல் வேண்டாம், வண்டிவாரியாக நாங்களே உறை போடுகிறோம் என்று புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு வண்டியிலும் ஒருவர் பொறுப்பு. உறையின் மேல் டிரைவர் பெயர், உள்ளே பணம், கூடவே ஒரு துண்டுச் சீட்டில் மொத்தத் தொகை. கடைசி நாள் பெட்டிகளை இறக்கியதும் அந்த வண்டியில் வந்தவர்கள் முன்னால் வலது கையால் கொடுங்கள். துண்டுச் சீட்டு எதற்கு என்றால், நடுவே யாராவது உறையை வாங்கி "நான் பிரித்துத் தருகிறேன்" என்று கிளம்பினால் டிரைவருக்குக் கணக்கு தெரிந்திருக்கும். "டிப்ஸ் உட்பட" என்று பேக்கேஜில் போட்டிருந்தால் யாருக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை கணக்கில் வராது.

நாகர்கோவில்: டிரைவருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

முதல் கேள்வி.

திருநெல்வேலி: முகாமில் ஒரு மரப்பெட்டி வைத்திருப்பார்களாமே, அதில் போட்டால் போதுமா?

அது முகாம் ஊழியர்களுக்கு. சமையலறை, சலவை, அறை சுத்தம், இரவில் டார்ச்சும் தடியுமாகக் கூடாரம் வரை கூட்டிப்போகிற அஸ்கரி என்ற காவலாளி, இவர்கள் எல்லோருக்கும் பிரியும். ஆளுக்கு ஓர் இரவுக்கு 5 முதல் 10 டாலர். உங்கள் டிரைவருக்கு அதில் பங்கு கிடையாது. விமானத்தில் நேராக முகாமுக்குப் போய் இறங்குகிற பயணமாக இருந்தால் கைடும் முகாமின் ஆள்தான். அவருக்குத் தனி உறை, கடைசி சவாரி முடிந்ததும். முகாமே தகவல் தாளில் தொகை எழுதி வைத்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

கோயம்புத்தூர்: நாலு நாள் சுற்றியும் ஒரு சிறுத்தைகூடக் காட்டவில்லை. அதற்கும் முழு டிப்ஸா?

ஆமாம். சிறுத்தை அவர் சம்பளப் பட்டியலில் இல்லை. (ஒரு சின்னத் திருத்தம். மாராவில் நம்மவர்கள் சிறுத்தை என்று காட்டுவதில் பாதி சிவிங்கிப்புலி, அதாவது சீட்டா. டிரைவரிடம் சுவாஹிலியில் "சுயி" என்றால் சிறுத்தை, "டூமா" என்றால் சிவிங்கிப்புலி. மாற்றிச் சொன்னால் தப்பான பக்கம் கூட்டிப்போவார்.)

டிரைவரின் திறமையைப் பார்க்க வேறு இடங்கள் இருக்கின்றன. வெயில் உங்கள் முதுகுப் பக்கம் விழுகிற மாதிரி நிறுத்துகிறாரா? நிறுத்தியதும் எஞ்சினை அணைக்கிறாரா? இம்பாலா மான் மூச்சை வெடித்துச் சீறினால், பபூன் குரங்கு குரைத்தால், பேச்சை நிறுத்திவிட்டு எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கவனிக்கிறாரா? வயதானவர் இருந்தால் குழி ரோட்டில் வேகம் குறைகிறதா? இதெல்லாம் சரியாக இருந்து சிறுத்தை வரவில்லை என்றால், சிறுத்தை வரவில்லை, அவ்வளவுதான்.

மதுரை: கோவைக்காரர் செய்த தப்பு, கடைசி நாள் வரை காத்திருந்தது. முதல் நாளே 20 டாலரைக் கையில் வைத்துவிட வேண்டும். எங்கள் டிரைவர் பாதையை விட்டு இறங்கி சிவிங்கிப்புலிக்குப் பத்தடி பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அப்படி ஒரு படம் வேறு யாருக்கும் கிடைத்திருக்காது!

இதைத்தான் செய்யக் கூடாது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாரா ரிசர்வுக்குள் பாதையை விட்டு இறங்குவது விதிமீறல். ரேஞ்சர் பார்த்தால் அபராதம், அது பெரும்பாலும் டிரைவர் தலையில் விழும். உங்கள் 20 டாலருக்கு அவர் தன் பிழைப்பைப் பந்தயம் வைத்திருக்கிறார். ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது, 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், பின்னால் வரிசை இருந்தால் பத்து நிமிடத்தில் விலக வேண்டும் என்பது விதி. பத்தடி என்பது மூன்று மீட்டர்.

அந்தப் படத்தில் விழாத பகுதியைச் சொல்கிறேன். சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடுவது. கரையான் புற்றின் மேல் ஏறி நின்று தாம்சன் மானை அளந்துகொண்டிருக்கும்போது ஒரு வண்டி பாதையை விட்டு இறங்குகிறது. அதைப் பார்த்து இன்னொன்று, பிறகு ஆறு. மான் கூட்டம் தலையைத் தூக்கிப் பார்த்து நகர்ந்துவிடும். புலி புற்றிலிருந்து இறங்கி வண்டி நிழலில் படுத்துக்கொள்ளும். உங்களுக்கு அருமையான படம், அதன் குட்டிகளுக்கு அன்றைக்குப் பட்டினி. மாரா சிவிங்கிப்புலிகளை வைத்து 2018-ல் வெளியான ஆய்வு ஒன்றில், சுற்றுலா வண்டி அதிகமான பகுதிகளில் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 0.2 குட்டிதான் வளர்ந்து ஆளானது. வண்டி குறைந்த பகுதிகளில் 2.3. பணத்தை முன்னால் ஆட்டுகிற பழக்கத்துக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

மதுரை: நான் கொடுக்காவிட்டால் பக்கத்து வண்டிக்காரர் கொடுக்கிறார். சில இடங்களில் பாதையை விட்டு இறங்க அனுமதி உண்டு என்றும் கேள்விப்பட்டேன்.

உண்டு. ரிசர்வை ஒட்டிய மாரா நார்த், நபோய்ஷோ மாதிரியான கன்சர்வன்சி என்ற தனிக் காப்பு நிலங்களில், அங்கேயே தங்குகிறவர்களை அந்த முகாம் கைடுகள் அப்படிக் கூட்டிப்போகலாம். வண்டி எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அது நடக்கிறது. பக்கத்தில் போய்ப் பார்க்க ஆசை என்றால் அங்கே அறை எடுங்கள். நேர் வழி இருக்கும்போது எதற்குக் குறுக்கு வழி?

யாழ்ப்பாணம்: எங்கட யால காட்டிலயும் இதே கதைதான். ஒரு சிறுத்தை எண்டால் ஜீப்புகள் முழுக்க ஓடி வந்து வழியை அடைச்சுப் போடும். டிரைவரைக் குறை சொல்லி என்ன, உள்ள இருக்கிற ஆக்கள்தானே "கிட்டப் போ, கிட்டப் போ" எண்டு கத்துறது.

அதேதான். டிரைவர் "இங்கிருந்தே நன்றாகத் தெரியும்" என்று சொல்லி நிறுத்தினால், அன்று மாலை "நிறுத்தினது நல்லது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். டிப்ஸ் குறைந்துவிடுமோ என்ற பயம் அந்த ஒரு வார்த்தையில் போய்விடும், மறுநாளும் நிறுத்துவார்.

புதுச்சேரி: டிப்ஸ் என்ற ஏற்பாடே தப்பு. கம்பெனி ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கட்டும். நாம் கொடுக்கக் கொடுக்கத்தான் அவர்கள் குறைக்கிறார்கள்.

பாதி சரி. பல டிரைவர்களுக்கு மாதச் சம்பளமே கிடையாது, ஓடிய நாளுக்குத்தான் கூலி. ஏப்ரல், மே மழையில் வண்டி நின்றுவிட்டால் வருமானமும் நின்றுவிடும். இதை மாற்ற வேண்டும் என்றால் பதிவு செய்யும்போதே "டிரைவர் உங்கள் ஊழியரா, தினக்கூலியா? அவருக்குத் தங்க அறையும் சாப்பாடும் யார் பொறுப்பு?" என்று கேட்டு, நல்ல பதில் சொல்கிற கம்பெனிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துப் போங்கள். மலிவான பேக்கேஜை எடுத்துக்கொண்டு, கொள்கை என்று சொல்லி டிரைவரை வெறுங்கையோடு அனுப்பினால் கம்பெனிக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

கோயம்புத்தூர்: அப்படியென்றால் நல்ல டிரைவருக்கும் மோசமான டிரைவருக்கும் ஒரே தொகையா?

இல்லை. போனில் பேசிக்கொண்டே ஓட்டுவது, காலையில் அரை மணி தாமதம், கேட்காமலே நினைவுப்பொருள் கடையில் ஒரு மணி நேரம் நிறுத்துவது, இதற்கெல்லாம் குறைக்கலாம். ஆனால் கடைசி நாள் உறையில் மட்டும் கோபத்தைக் காட்டினால் அவருக்கு ஏன் என்றே தெரியாது. முதல் நாள் இரவே சொல்லுங்கள். மறுநாளும் திருந்தவில்லை என்றால் கம்பெனிக்கு வாட்ஸ்அப். அப்புறமும் இல்லை என்றால் பாதி கொடுத்து, காரணத்தையும் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். நினைவுப்பொருள் கடையில் கழிப்பறைக்காக இருபது நிமிடம் நிற்பது எல்லோரும் செய்வது, அதைக் குற்றமாக்க வேண்டாம்.

மதுரை: 20 டாலர் கொடுத்ததற்கு இவ்வளவு பெரிய பிரசங்கமா?

ஆமாம். அடுத்த கேள்வி.

தஞ்சாவூர்: பணத்துக்குப் பதில் பேன்ட், சட்டை, இனிப்புப் பெட்டி?

பணத்தோடு கொடுங்கள், பதிலாக வேண்டாம். நீங்கள் பழசு என்று வைத்திருக்கும் நல்ல பைனாகுலர் இருந்தால் அது அவருக்குப் பெரிய உதவி. வழியில் ஓடிவரும் பிள்ளைகளுக்கு வண்டியிலிருந்து மிட்டாய் வீசுவது வேண்டவே வேண்டாம்.

வேலூர்: டிரைவர் மாசாய் கிராமம் பார்க்கலாம் என்கிறார். அந்தக் காசு அவருக்குப் போகுமா?

கேட்டு வைத்தது நல்லது. ஆளுக்கு 20, 30 டாலர் கேட்பார்கள். வண்டியை விட்டு இறங்கும் முன்பே தொகையைப் பேசி, கிராமத்தார் கையிலேயே கொடுங்கள். டிரைவர் மூலம் போனால் நடுவே கழியும். டிரைவர் டிப்ஸ் கணக்கு இதோடு சேராது.

கரூர்: சாலையில் போலீஸ் நிறுத்தியபோது டிரைவர் "சாய்" என்று சொல்லிச் சிரித்தார். டீ குடிக்கக் கேட்டாரா?

இல்லை. கென்யாவில் சாய் என்றால் டீயும் உண்டு, லஞ்சமும் உண்டு. நம்மூர் "டீக்காசு" மாதிரியேதான். நீங்கள் கொடுப்பதன் பெயர் பக்ஷிஷி, நம் பக்சீஸின் உடன்பிறப்பு. முதலாவதில் நீங்கள் தலையிட வேண்டாம்.

மலேசியா, ஈப்போ: உகாண்டாவில் கொரில்லா பார்க்கப் போகிறேன், அங்கேயும் இதே தொகையா?

அது வேறு. அங்கே பையைத் தூக்க ஒரு போர்ட்டரைக் கூலிக்கு எடுங்கள், 15 முதல் 20 டாலர். உங்களுக்குத் தேவையில்லாவிட்டாலும் எடுங்கள், சேறும் ஏற்றமும் பார்த்த பிறகு தேவை தெரியும். விடியும் முன்பே காட்டுக்குள் போய்க் கொரில்லாவைத் தேடி வைக்கிற டிராக்கர்களை மறந்துவிடாதீர்கள், திரும்பி வரும்போது அவர்கள் பெரும்பாலும் உங்கள் கண்ணில் பட மாட்டார்கள். தென்னாப்பிரிக்கத் தனியார் முகாம்களில் டிராக்கர் வண்டியின் முன்மூக்கில் உட்கார்ந்திருப்பார். கைடுக்குக் கொடுப்பதில் பாதிக்குக் குறையாமல் அவருக்குத் தனியாக.

விழுப்புரம்: டாலர் எடுத்துப்போகலாமா?

2006-க்குப் பின், கிழிசல் இல்லாமல், கிறுக்கல் இல்லாமல், பெரிய நோட்டாக. திருச்சிக்காரருக்குச் சொன்னதை முழுக்கப் படியுங்கள்.

சேலம்: முதுமலைக்கு?

இன்றைக்கு ஆப்பிரிக்கா மட்டும்.

திண்டுக்கல்: நாங்கள் நாலு பேர்தான், ஐந்து நாள், தனி வண்டி. டிரைவருக்கு எவ்வளவு? ஆள் குறைவு என்பதால் குறைத்துக்கொள்ளலாம்தானே?

முடியாது. ஆறு பேர் இருந்தாலும் நாலு பேர் இருந்தாலும் அவர் ஓட்டுவது அதே வண்டி, அதே ரோடு. மொத்தம் அதே 250, உங்களுக்கு ஆளுக்கு 62 டாலர் 50 சென்ட். அந்த 50 சென்ட்டை நாணயமாகக் கொடுத்துவிடாதீர்கள்.